பூஜைக்கு வைத்த மைக்ராஸ்கோப்

காலை எட்டே முக்கால் மணி, ஐம்பது கண்ணாடி ஸ்லைடுகள் அடுக்கிய ஒரு மரப்பெட்டி, வேலுச்சாமி என்று ஒரு கண்டக்டர்: தேனி பஸ் ஸ்டாண்டில் என் புதுத் தொழில் இப்படித்தான் ஆரம்பித்தது. பெட்டிக்குள் என்ன என்று வேலுச்சாமி கேட்டார். வெங்காயத் தோல், தவளை ரத்தம், வாழை வேர், மனிதக் கன்னத்தின் உள்பக்கம் என்று உண்மையைச் சொன்னேன். கம்பம் வரைக்கும் என் பக்கத்து இருக்கையில் யாரும் உட்காரவில்லை.

செல் விற்பதைப் போன்ற தொழில் உலகத்தில் வேறு கிடையாது. கண்ணுக்குத் தெரியாத சரக்கை, அதைப் பார்க்க விரும்பாதவர்களிடம் விற்க வேண்டும். அதற்கு முன் நான் ஒரு தினசரியின் மாவட்ட நிருபர். எங்கள் பதிப்பை மூடினார்கள். தேனியில் என் மச்சினன் பள்ளி, கல்லூரிகளுக்கு ஆய்வகச் சாமான் விற்கும் ஏஜென்சி வைத்திருந்தான். ஸ்லைடு விற்பதும் மைக்ராஸ்கோப்பைத் துடைத்துச் சரிசெய்து கொடுப்பதும் என் வேலை என்று ஆயிற்று. ஒரு முட்டையை வரைந்து, நடுவில் ஒரு கோலிக்குண்டை வைத்து, நாலா பக்கமும் கோடு இழுத்துப் பெயர் எழுதி, முழு மதிப்பெண் வாங்கி, மறுநாளே மறந்துபோன அன்பர்களே, நாமெல்லாம் ஒரே பந்தியில் சாப்பிட்டவர்கள். என் இலையில் மட்டும் இரண்டாம் முறையும் பரிமாறிவிட்டார்கள்.

கற்றது

தலை நரைத்த பிறகு பதினொன்றாம் வகுப்பு உயிரியல் புத்தகத்தைப் பிரித்தேன். முதல் வாரம் ஒன்றும் விளங்கவில்லை. இரண்டாவது வாரம் எல்லாம் பழைய பத்திரிகை அலுவலகம்போல இருந்தது. நடுவில் உட்கார்ந்துகொண்டு, எல்லாம் தன் உத்தரவுப்படிதான் நடக்கிறது என்று நம்புவது நியூக்ளியஸ், எங்கள் ஆசிரியர். வந்த ஒரு வரித் தகவலை வைத்து நீளமாக எதையாவது கோத்துக்கொண்டே இருப்பவை ரைபோசோம்கள், நாங்கள். கோத்ததைப் பொட்டலம் கட்டி வெளியே அனுப்புவது கோல்கை உறுப்பு, விற்பனைப் பிரிவு. அத்தனை பேரும் இயங்குவதற்கான சக்தியைக் கொடுப்பது மைட்டோகாண்ட்ரியா, எதிர்த்த டீக்கடை. லைசோசோம் என்று ஒன்று உண்டு. நேரம் வந்தால் தான் இருக்கிற செல்லையே செரித்துவிடும். பாடப்புத்தகம் அதற்குத் 'தற்கொலைப் பை' என்று பட்டம் கொடுத்திருக்கிறது. நாங்கள் அதை நிர்வாகம் என்று சொல்லி வந்தோம்.

இதையெல்லாம் மச்சினனிடம் பெருமையாக விளக்கினேன். கணினித் திரையிலிருந்து முகத்தைத் திருப்பாமல் அவன் சொன்னான்: "மாமா, இதப் போயி வாங்குறவுகட்டச் சொல்லிராதீக. வெங்காயம் எது, தவளை எதுன்னு மாத்திக் குடுக்காம இருந்தாப் போதும்."

புத்தம் புதுசு

சின்னமனூருக்கும் உத்தமபாளையத்துக்கும் இடையில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளி. ஊர்ப் பெரியவர்களின் சபை நடத்துவது, அரசு உதவி பெறுவது. அங்கே இருந்த ஒரே மைக்ராஸ்கோப்பின் வருடாந்திரப் பராமரிப்புக்காகப் போனேன். தலைமையாசிரியை மரகதம் அம்மா இடுப்பில் இருந்த சாவியை எடுத்து, தன் அறையில் இருந்த ஸ்டீல் பீரோவைத் திறந்தார். பழைய பட்டுத்துண்டுக்குள் ஒரு பிளாஸ்டிக் உறை, உறைக்குள் மரப்பெட்டி, பெட்டிக்குள் மைக்ராஸ்கோப். லென்ஸில் ஒரு கீறல் கிடையாது. திருகைத் திருப்பினேன். பிறந்ததிலிருந்து யாரும் எழுப்பாத ஒன்றை எழுப்பியதுபோல முனகியது. பராமரிக்க ஒன்றும் இல்லை. முன்பு இருந்த தலைமையாசிரியை காலத்தில் ஆய்வகத் தராசு ஒன்று உடைந்து, அதற்குத் தணிக்கைக்காரர்களுக்கு விளக்கம் எழுதியே அவர் ஓய்வு பெற்றாராம். அன்றிலிருந்து அந்தப் பள்ளியில் உடையக்கூடிய எதுவும் பீரோவை விட்டு வெளியே வருவதில்லை.

வாசலில் உயிரியல் ஆசிரியை ஜெயராணி நின்றிருந்தார். சபை வைத்த தற்காலிக ஆசிரியை. வருஷா வருஷம் நீட்டிப்பு. செய்முறைத் தேர்வில் பிள்ளைகள் சறுக்கினால் நீட்டிப்பு இல்லை என்று சபை முன்கூட்டியே சொல்லியிருந்தது. பிப்ரவரியில் வெளிப்பள்ளியிலிருந்து வரப்போகிற தேர்வாளர், அதாவது எக்ஸ்டர்னல், பிள்ளைகளை மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொல்லிக் கேள்வி கேட்கிறவர் என்று பேச்சு. எங்கள் பக்கத்தில் அது ஒரு கெட்ட பழக்கமாகக் கருதப்பட்டது. பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் வந்துவிட்ட அந்தப் பெண்கள் ஒரு செல்லைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. "ஒரே ஒரு நா, ஒரு மணி நேரம் குடுங்க மேடம், போதும்" என்று ஜெயராணி கேட்டார். மரகதம் அம்மா பட்டுத்துண்டைத் திரும்பச் சுற்றிக்கொண்டே பதிலை என்னிடம் சொன்னார்: "வாங்குன அன்னைக்கு எப்படி இருந்துச்சோ, இன்னைக்கும் அப்படியே இருக்கு சார். இந்த ஜில்லாவுல வேற யாரு இப்படி வச்சிருக்காக, சொல்லுங்க."

தவளைக்கு இருக்கிறது

தேனியில் ஒரு நர்சிங் பயிற்சி நிலையம். தவளை ரத்தம் ஒரு ஸ்லைடு, மனித ரத்தம் ஒரு ஸ்லைடு கேட்டார்கள், கொடுத்தேன். மறுநாளே போன். கொள்முதலைப் பார்க்கிற மேனேஜர் பாண்டியன் கோபமாக இருந்தார். தவளையின் சிவப்பணுவுக்குள் நியூக்ளியஸ் பளிச்சென்று தெரிகிறது, மனிதனின் சிவப்பணு நடுவில் வெறுமையாக இருக்கிறது, சரக்கில் குறை, மாற்றிக் கொடு என்றார்.

நேரில் போனேன். மனிதனின் முதிர்ந்த சிவப்பணுவுக்கு நியூக்ளியஸ் கிடையாது, ஆக்சிஜனைச் சுமப்பதற்கு இடம் வேண்டும் என்பதற்காக அது தன் நியூக்ளியஸை வெளியே தள்ளிவிடுகிறது என்று புத்தகத்தைப் பிரித்தே காட்டினேன். சுமை தூக்குகிறவனுக்கு மூளை இடைஞ்சல் என்பது இயற்கையின் கணக்கு என்றும் என் பங்குக்குச் சேர்த்துக்கொண்டேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. பாண்டியன் புத்தகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஸ்லைடை எடுத்து என் பெட்டிக்குள்ளேயே வைத்தார். "தவளைக்கே இருக்கு, மனுசனுக்கு இல்லங்கிறீக. பேப்பர்ல இருந்தவுகன்னு சொன்னாக, சரியாத்தான் இருக்கு."

சுவர் வழக்கு

உத்தமபாளையம் கோர்ட்டுக்கு எதிரே டீக்கடை. வாய்தாவுக்கு வந்திருந்த பெருமாள் என்கிற வாழைத் தோட்டக்காரர் என் பெட்டியை எட்டிப் பார்த்தார். எல்லைச் சுவர் வழக்கு. வாதியும் அவர் பெரியப்பா மகன்தான். கோர்ட்டு கூப்பிடும்வரை பொழுது போக வேண்டுமே என்று வாழை வேர் ஸ்லைடை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். தாவர செல்லுக்கு வெளியே கெட்டியாக ஒரு சுவர் உண்டு. அதனால்தான் எலும்பு இல்லாமலே வாழை நிற்கிறது. விலங்கு செல்லுக்குச் சுவர் கிடையாது, மெல்லிய சவ்வு மட்டும்தான். அதனால்தான் நாம் ஓடுகிறோம், குனிகிறோம், கோர்ட்டுக்கு வருகிறோம்.

பெருமாள் ஆழ்ந்து கேட்டார். "அப்ப ஒரு வாழைக்குள்ள எம்புட்டுச் செவுரு இருக்கும்?" என்றார். எண்ண முடியாது என்றேன். "ஒண்ணோட ஒண்ணு ஒட்டியா இருக்கு?" ஒட்டித்தான் இருக்கிறது, நடுவில் சின்னச் சின்னத் துளைகள் வழியாகக் கொடுக்கல் வாங்கல்கூட உண்டு என்றேன். அதற்குள் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "இம்புட்டுச் செவுத்த வச்சுக்கிட்டு அது ஒரு வக்கீலு வைக்காம காய்க்குது. இத எங்க பெரியப்பன் மகன்ட்டச் சொல்லுங்க, அந்தா அங்கன உக்காந்திருக்கான்."

தாளாளரின் கன்னம்

போடியில் ஒரு தனியார் பள்ளி. தாளாளர் ஏலக்காய் வியாபாரி. புதிதாக வாங்கிய மைக்ராஸ்கோப்பை முதலில் தானே பார்த்துத் திறந்துவைக்க விரும்பினார். கன்னத்தின் உள்பக்கத்தைப் பல்குச்சியால் மெல்லச் சுரண்டி, கண்ணாடியில் தடவி, ஒரு சொட்டு நீலச் சாயம் விட்டால் நம் செல்லை நாமே பார்க்கலாம் என்றேன். சால்வை போர்த்தியபடியே வாயைத் திறந்தார். இன்னொன்றும் பார்ப்போம் என்று அவருடைய கார் டிரைவரையும் கூப்பிட்டார்கள். இரண்டு ஸ்லைடு தயாரானது.

தாளாளர் முதலாவதைப் பார்த்தார். தட்டையாக, ஒழுங்கில்லாத ஓரங்களோடு, நடுவில் நீலப் புள்ளியோடு செல்கள். திருப்தியாகத் தலையை ஆட்டினார். இரண்டாவதைப் பார்த்தார். தலை ஆடவில்லை. மறுபடி முதலாவது, மறுபடி இரண்டாவது. அதற்குள் எது எதுவென்று எனக்கே மறந்துவிட்டது. டிரைவரைக் கேட்டால் அவர் தரையைப் பார்த்தார். ஆசிரியர்கள் அத்தனை பேரும் ஜன்னலுக்கு வெளியே எதையோ கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் தாளாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே என்னிடம் தணிந்த குரலில் கேட்டார்: "இதவிட நல்ல மெசின் இருந்தா வித்தியாசம் தெரியுமா?"

சந்தனம்

ஆயுத பூஜை விடுமுறைக்கு முந்தின நாள் மரகதம் அம்மாவிடமிருந்து அழைப்பு. பூஜையில் வைக்கிறதற்கு முன்னால் மைக்ராஸ்கோப்பை ஒரு தடவை துடைத்துத் தர வேண்டும். போனேன். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் அது பீரோவை விட்டு வெளியே வருமாம். நீள மேஜையில் சிவப்புத் துணி விரித்து, தையல் மெஷின், தண்டவாளத் துண்டில் செய்த பழைய மணி, குளோப், மைக்ராஸ்கோப் எல்லாவற்றையும் வரிசையாக வைத்திருந்தார்கள். நான் லென்ஸைத் துடைத்துக் கையை எடுத்ததும், அலுவலக உதவியாளர் காளியம்மா சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். மைக்ராஸ்கோப்புக்கு நெற்றி எங்கே இருக்கிறது என்று ஒரு நிமிஷம் யோசித்தார். கண் வைத்துப் பார்க்கிற கண்ணாடிதான் உச்சியில் இருந்தது. அதிலேயே சந்தனத்தை இழுவி, நடுவில் குங்குமத்தை அழுத்தி வைத்தார். நான் வாயைத் திறப்பதற்குள் சாம்பிராணி போட்டுவிட்டார்கள்.

புகை அடங்கியதும் ஜெயராணி மேஜைக்குப் பக்கத்தில் வந்தார். பின்னால் அவருடைய பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள், கையில் சுண்டலோடு. ஒருத்தி வெங்காயம்கூட வைத்திருந்தாள். வீட்டிலிருந்தே எடுத்து வந்திருக்கிறாள். "வெளியதான இருக்கு மேடம், இப்பவே ஆளுக்கொரு தடவ பாத்துக்கிறட்டுமே" என்றார் ஜெயராணி. மரகதம் அம்மா மேஜைக்குக் குறுக்கே வந்து நின்றுகொண்டார். பூஜையில் வைத்த ஆயுதத்தை அன்று தொடுவார்களா? அரிவாளைத் தொடுவதில்லை, தறியைத் தொடுவதில்லை, லாரியை எடுப்பதில்லை. நியாயம்தான். பீரோவில் இருக்கும்போது உடைந்துவிடும் என்று தொடக் கூடாது. வெளியே வரும்போது சாமி குற்றம் என்று தொடக் கூடாது. பள்ளி திறந்ததும் முதல் வேலையாக அது பீரோவுக்குப் போய்விடும். வெங்காயத்தோடு நின்ற பிள்ளையிடம் காளியம்மா சொன்னார்: "ஆத்தா, அதக் கொண்டு போயி சத்துணவுல குடு. சாமிக்கு முன்னால வெங்காயத்த வச்சுக்கிட்டு நிக்கிறியே."

விஜயதசமி

ஜெயராணி விடவில்லை. அன்று சாயங்காலம் நான் கிளம்புகிற நேரத்தில், தலைமையாசிரியை அறையில் பொரியை ஆளுக்கொரு கை அள்ளிக்கொண்டிருந்தபோது, வெகு பணிவாகப் பேச்செடுத்தார்.

"மேடம், பூசையில வச்ச புஸ்தகத்த விஜயதசமியன்னைக்கு எடுத்து நாலு வரியாச்சும் படிக்கணும்னு போன வருசம் சொன்னீகள்ல."

"ஆமா. படிக்காட்டி பூசை முழுசாகாது."

"தையல் மெசின்ல?"

"ரெண்டு தையல் போடணும். அது முறை."

"அப்ப மைக்ராஸ்கோப்பு, மேடம்?"

மரகதம் அம்மா வாயிலிருந்த பொரியை மெல்லுவதை நிறுத்தினார். பல வருஷமாக அந்தப் பள்ளியில் மைக்ராஸ்கோப்புக்குப் பூஜை பாதியிலேயே நின்றுபோயிருக்கிறது என்பது அவருக்கு அந்த நிமிஷத்தில்தான் உறைத்தது. விஜயதசமியன்று ஒன்றாம் வகுப்புச் சேர்க்கைக்காகப் பள்ளி எப்படியும் திறந்திருக்கும். ஏதாவது உடைந்தால் ஒட்டுவதற்கு ஆள் வேண்டும் என்று என்னையும் வரச் சொன்னார்.

அன்று ஒரு பக்கம் தாம்பாளத்து அரிசியில் பிள்ளைகள் அழுதுகொண்டே 'அ' எழுதினார்கள்; மறுபக்கம் பன்னிரண்டாம் வகுப்பு வரிசையில் நின்றது. விடுமுறை நாள், ஆனால் ஒருத்திகூட வராமல் இல்லை. வெங்காயத் தோலை உரித்து, சாயம் விட்டு ஜெயராணி ஸ்லைடு தயார் செய்தார். முதலில் நின்றவள் ஆயிஷா, உத்தமபாளையத்திலிருந்து வருகிறவள்; அன்று வெங்காயம் கொண்டுவந்தவளும் அவள்தான். கண்ணை வைத்தவள் எடுக்கவே இல்லை. செங்கல் அடுக்கினாற்போலக் கட்டம் கட்டமாக இருக்கிறது டீச்சர் என்றாள். ஓரத்தில் சிவப்பாக ஒரு திட்டும் தெரிகிறதே என்றாள். அடுத்தவள் அதுதான் நியூக்ளியஸ் என்றாள். அதற்கடுத்தவள் அப்போதே அதை நோட்டில் வரையப் போனாள். சந்தனம் காய்ந்து உதிர்ந்தது போக, கண்ணாடியில் மிஞ்சியிருந்த காளியம்மாவின் கைவண்ணம் அது. நான் துணியை எடுத்துக்கொண்டு கண்ணாடியைத் துடைக்கப் போனேன். "இருக்கட்டும் சார்" என்று ஜெயராணி தடுத்தார். "எது செல்லு, எது அழுக்குன்னு அதுகளே கண்டுபிடிக்கட்டும்."

நாற்காலியில் உட்கார்ந்து மைக்ராஸ்கோப்பையே பார்த்துக்கொண்டிருந்த மரகதம் அம்மா நிமிர்ந்தார். "அழுக்கா? டீச்சர், அது குங்குமம்."

எண்ணெய்

நடுவில் ஒரு கல்லூரி. பாக்டீரியாவைப் பார்க்க வேண்டுமானால் மைக்ராஸ்கோப்பின் மிகப் பெரிய லென்ஸுக்கும் ஸ்லைடுக்கும் இடையில் ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும். வெளிச்சம் சிதறாமல் வருவதற்காக. அதற்கென்றே விற்கிற எண்ணெய் உண்டு, நாங்களும் விற்கிறோம். அந்தக் கல்லூரி மட்டும் எங்களிடம் எண்ணெயே வாங்கவில்லை. ஆனால் லென்ஸ் சரியாகத் தெரியவில்லை என்று மாதம் தவறாமல் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் லென்ஸ் முழுக்கப் பிசுக்கு. முகர்ந்து பார்த்தேன். கோயில் வாசனை.

ஆய்வக உதவியாளர் சுருளி சனிக்கிழமைதோறும் குச்சனூர் கோயிலுக்குப் போகிறவர். எள் தீபம் போட்டது போக மிச்ச நல்லெண்ணெய் பாட்டிலில் இருக்கும், அதைத்தான் விட்டிருக்கிறார். முதல் நாள் ஓரளவு தெரியத்தான் செய்யும், ஆனால் இது காய்ந்து பசையாக ஒட்டிக்கொள்ளும், லென்ஸ் போய்விடும் என்று பக்குவமாகச் சொன்னேன். சுருளிக்கு மனசு புண்பட்டுவிட்டது. "சனீஸ்வரனே ஒண்ணும் சொல்லாம வாங்கிக்கிறாரு சார். இந்த பாக்டீரியாவுக்கு அதுக்கு மேல என்ன வேணுமாம்?"

மேகம்

மேகமலை எஸ்டேட் பள்ளிக்கு ஒரு மைக்ராஸ்கோப் கொண்டுபோனேன். சின்னமனூரிலிருந்து ஏறுகிற அந்தச் சாலையில் ஐம்பது ஸ்லைடு கொண்டுபோனால் அறுபதாக இறக்கலாம். உடைந்த துண்டுகளையும் சேர்த்து எண்ண வேண்டும். மைக்ராஸ்கோப் பழைய மாதிரி, அடியில் கண்ணாடி வைத்து வெயிலைப் பிடித்து மேலே அனுப்ப வேண்டியது. போன அன்று மேகம் வகுப்பறைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. கரண்டும் இல்லை. ஏலக்காய் இலையின் தோலை உரித்து வைத்துக்கொண்டு, இலை மூச்சு விடுகிற துளையைக் காட்டுகிறேன் என்று நானும் ஆசிரியரும் பிள்ளைகளும் வெளிச்சத்துக்காகக் காத்திருந்தோம். மதியம் ஆனது. ஒன்றும் தெரியவில்லை, ஆசிரியரின் முகம் உட்பட.

வெயில் அடிக்கிற நாளாகப் பார்த்துச் செய்துகொள்ளுங்கள் என்று பெட்டியைக் கட்டினேன். ஆசிரியர் சிரித்தார், மலைக்கு மாற்றலாகி வந்தவர்களுக்கு வருகிற சிரிப்பு அது. "வெயிலடிச்சா பிள்ளைக வெறகுக்குப் போயிரும் சார். மேகம் எறங்குனாத்தான் பள்ளிக்கூடத்துக்கே வரும்."

எக்ஸ்டர்னல்

பிப்ரவரி வந்தது. செய்முறைத் தேர்வு நாளில் பழுதுபார்க்கிறவன் வாசலில் இருக்க வேண்டும் என்பது மரகதம் அம்மாவின் ஏற்பாடு. எக்ஸ்டர்னல் தங்கவேல் சார், சொன்னதுபோலவே, மரியாதை தெரியாதவர். இளநீரை அப்புறம் என்றார். மேஜை விரிப்பைப் பார்க்கவில்லை. நேராக மைக்ராஸ்கோப்பிடம் போனார். தான் கொண்டுவந்த ஸ்லைடை வைத்துத் தானே பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார். மறுபடி பார்த்தார். விஜயதசமியன்று என் பெட்டியிலிருந்த ஸ்லைடுகளையெல்லாம் பிள்ளைகள் பார்த்து முடித்ததும், மாலையே பட்டுத்துண்டு சுற்றிய மைக்ராஸ்கோப் அது. அன்று காலைதான் வெளியே வந்திருக்கிறது. பூஜைக் குங்குமத்தைத் துடைக்கக் கூடாது என்று எனக்கு ஏற்கெனவே உத்தரவு.

முதலில் வந்தவள் ஆயிஷா. ஜெயராணி கதவுக்கு வெளியே, சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றார். உள்ளே வரக் கூடாது, விதி. இது என்ன என்று தங்கவேல் சார் கேட்டார். அவள் திருகை மெல்லத் திருப்பி, பார்த்து, தாவர செல், செல் சுவர் தெரிகிறது, சுவரை ஒட்டினாற்போல நியூக்ளியஸ் தள்ளி இருக்கிறது, நடுவில் பெரிய வாக்குவோல் அடைத்துக்கொண்டிருக்கிறது என்றாள். அதுவரைக்கும் புத்தகம். அவர் அடுத்ததாக, முகத்தில் ஒன்றும் காட்டாமல் கேட்டார்: "ஓரத்துல சிவப்பா ஒண்ணு பெருசாத் தெரியுதே, அது என்ன? நியூக்ளியஸா?"

வெளியே ஜெயராணியின் கை நின்றது. மரகதம் அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

"இல்ல சார்" என்றாள் ஆயிஷா. "ஸ்லைடை நகத்துனா செல்லு நகருது, அது நகர மாட்டேங்குது. ஸ்லைடையே எடுத்துட்டாலும் இருக்கும். மேல உள்ள கண்ணாடியத் திருப்புனா கூடவே சுத்துது. அதனால அது செல்லுல இல்ல, கண்ணாடியில இருக்கு. குங்குமம் சார். ஆயுத பூசைக்கு வச்சது."

தங்கவேல் சார் குனிந்து, அவள் சொன்னபடியே ஸ்லைடை நகர்த்தினார், சிவப்பு நகரவில்லை. கண்ணாடியைத் திருப்பினார், சுற்றியது. நிமிர்ந்தபோது அவருடைய புருவத்திலும் கொஞ்சம் குங்குமம் ஒட்டியிருந்தது. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு பெண்ணிடமும் ஸ்லைடை மாற்றி மாற்றி வைத்துக் கேட்டார். தவளையையும் மனிதனையும்கூட அவர்கள் மாற்றிச் சொல்லவில்லை. எல்லாம் முடிந்து இளநீரைக் கையில் எடுத்தபோது மரகதம் அம்மா தயங்கித் தயங்கி, மைக்ராஸ்கோப்பை இப்படி வைத்திருந்ததற்கு மன்னிக்க வேண்டும் என்றார். "இதுவரைக்கும் நான் போன பள்ளிக்கூடத்துல எல்லாம் மைக்ராஸ்கோப்பு ரொம்பச் சுத்தமா இருந்துச்சும்மா" என்றார் அவர். "பிள்ளைகளுக்குத்தான் ஒண்ணும் தெரியல."

கார் புறப்பட்டுப் போனதும் ஜெயராணி வராந்தாத் தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். பிள்ளைகள் அவரைச் சுற்றி நின்று எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். மரகதம் அம்மா பட்டுத்துண்டை உதறிக்கொண்டே என் பக்கம் திரும்பினார். முகத்தில் அப்படி ஒரு நிறைவு. "பாத்தீகளா சார், பூசைய முறையா முடிச்சதுக்குப் பலன் கெடைச்சிருச்சு."

உயிருள்ள எல்லாவற்றுக்கும் அடிப்படை செல்தான் என்றாலும், எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் அதைப் பார்ப்பதற்கு அடிப்படை பஞ்சாங்கம் என்பதே இந்தத் தொழிலில் நான் கற்ற உயிரியல். ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று, ஆயுத பூஜை விழாவைச் சிறப்பாக நடத்தியதற்காக ஜெயராணி டீச்சருக்கு மேலும் ஒரு வருஷம் நீட்டிப்பு வழங்கப்பட்டது; மைக்ராஸ்கோப் பீரோவுக்குள் இருந்தது.